வெள்ளிக் கியூபிலிருந்து உள்கூடான தங்கத் துகள்: பீக் 800 வருவதற்குள் கரைசல் சாம்பலாகிவிடுகிறது

குடமுருட்டி (கேள்வி)

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், வயல் வாய்க்கால் நீரில் தைரம் (பூஞ்சைக்கொல்லி மருந்து) எச்சத்தை ராமன் முறையில் (லேசர் ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறுவதை அளப்பது) கண்டுபிடிக்கத் தங்க நானோகேஜ் (வெள்ளித் துகளை அச்சாக வைத்துச் செய்யும், உள்ளே காலியான தங்கக் கூடு) தயாரிக்கிறோம். கையில் இருப்பது 785 நா.மீ. (நானோமீட்டர்) லேசர். அதனால் பீக் (துகள் ஒளியை அதிகம் உறிஞ்சும் அலைநீளம்) 750–800க்குள் வரவேண்டும்.

வெள்ளிக் கியூப் (கனசதுர நானோ துகள்) செய்முறை: எத்திலீன் கிளைக்கால் 6 மி.லி., 150 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் 1 மணி நேரம். பிறகு 3 மில்லிமோலார் சோடியம் சல்ஃபைடு 80 மைக்ரோலிட்டர், 20 மி.கி./மி.லி. பி.வி.பி. (துகள்கள் திரளாமல் காக்கும் பாலிமர்) 1.5 மி.லி., 48 மி.கி./மி.லி. சில்வர் நைட்ரேட் 0.5 மி.லி. (மூன்றுமே கிளைக்காலில் கரைத்தவை). 18 நிமிடத்தில் பச்சை கலந்த காவி நிறம் வந்ததும் குளிரவைத்தோம். அசிட்டோனில் ஒருமுறை, தண்ணீரில் இரண்டுமுறை சென்ட்ரிஃபியூஜ் செய்து, கடைசியில் 4 மி.லி. நீரில் கலக்கி வைத்தோம். யூ.வி.யில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) பீக் 436, கூடவே 350இல் ஒரு சிறு புடைப்பு.

தங்கம் ஏற்றியது: 1 மி.கி./மி.லி. பி.வி.பி. நீர் 5 மி.லி., ஹாட் பிளேட்டில் 90 டிகிரி. அதில் கியூப் 100 மைக்ரோலிட்டர். 0.5 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம் மொத்தம் 4 மி.லி.; மைக்ரோபிப்பெட்டால் 20 விநாடிக்கு ஒருமுறை 200 மைக்ரோலிட்டர் வீதம் விட்டோம். மஞ்சள், பழுப்பு, ஊதா, பிறகு சில விநாடி மட்டும் நல்ல நீலம், அதன்பின் சாம்பல். பீக் 560 பக்கம் தட்டையாகக் கிடக்கிறது. மறுநாள் அடியில் வெண்மையான வண்டல். கண்ணாடிச் சாமான்களை போர் தண்ணீரில் கழுவி, கடைசியாக டி.ஐ. (அயனி நீக்கிய) நீரில் ஒருமுறை அலசுகிறோம்.

டி.ஈ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) அடிக்கடி எடுக்க வழியில்லை. யூ.வி.யை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முடியுமா?

---

வெண்ணாறு

முடியும். நீங்கள் கொடுத்த எண்களே போதும்.

முதலில் நல்ல செய்தி: உங்கள் கியூப் சரியாகவே இருக்கிறது. 350இல் வரும் அந்தப் புடைப்பு கூரான மூலைகள் உள்ள கனசதுரத்தின் அடையாளம். உருண்டையாகிப் போயிருந்தால் அது மறைந்து, பெரிய பீக்கும் 400–410 பக்கம் நகர்ந்திருக்கும். ஆகவே கிளைக்கால் பகுதியில் கைவைக்க வேண்டாம். குற்றம் முழுக்க இரண்டாம் பாதியில்.

நீங்கள் நினைக்கவேண்டியது தங்கக் கரைசலின் மி.லி. அளவை அல்ல, வெள்ளியின் மோல் அளவை. சுவாமிமலையில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டுத்தான் உலோகம் ஊற்றுவார்கள். அங்கே வார்ப்புக்கு எவ்வளவு உலோகம் என்பது தனிக் கணக்கு. இங்கே அந்த இரண்டு கட்டம் கிடையாது. வெள்ளி அயனியாகி வெளியேறும்போது விட்டுச்செல்லும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டுதான் தங்கம் படிகிறது. 3 வெள்ளி அணு போனால் 1 தங்க அணு வரும். கணக்கு வெள்ளியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

போட்டுப் பாருங்கள். 48 மி.கி./மி.லி. கரைசல் 0.5 மி.லி. என்றால் சில்வர் நைட்ரேட் 24 மி.கி., அதாவது 0.141 மில்லிமோல். அத்தனையும் கியூபாகி, கழுவும்போது கொஞ்சமும் இழக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 4 மி.லி.யில் கலக்கினால் வெள்ளி 35 மில்லிமோலார். 100 மைக்ரோலிட்டரில் 3.5 மைக்ரோமோல். இதை முழுக்க அரித்தெடுக்கத் தேவையான தங்கம் 1.18 மைக்ரோமோல். நீங்கள் விட்டது 0.5 மில்லிமோலார் 4 மி.லி., அதாவது 2 மைக்ரோமோல். இழப்பே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதல். கழுவும்போது மூன்றில் ஒரு பங்கு வெள்ளி போயிருந்தால் நீங்கள் விட்டது தேவையைப்போல் இரண்டரை மடங்கு.

அதிகமானால் என்ன ஆகிறது? கியூபின் முகத்தில் முதலில் ஒரு சிறு துளை விழுகிறது. அதன் வழியே உள்ளே வெள்ளி கரைய, வெளியே தங்கம் படிகிறது. சூடு இருப்பதால் இரண்டும் கலந்து தங்கம்–வெள்ளி உலோகக்கலவைச் சுவராகிறது, துளையும் மூடிக்கொள்கிறது. இதுவரை பீக் சிவப்புப் பக்கம் நகரும். உள்ளே வெள்ளி தீர்ந்தபிறகு அடுத்து வரும் தங்க அயனி சுவரில் இருக்கும் வெள்ளியையே பிடுங்குகிறது. மூலைகளில் ஓட்டை விழுவது அப்போதுதான். 45 நா.மீ. கியூபின் வெள்ளி முழுவதுக்கும் ஈடான தங்கம் வெளிமுகத்தில் சமமாகப் படிந்தாலும் சுவர் தடிமன் 2 நா.மீ. சொச்சம்தான் வரும். அந்தச் சுவரிலிருந்து மேலும் வெள்ளியை உருவினால் கூடு நிற்காது. உடைந்த துண்டுகள் சிறு தங்கத் துகள்களாகி 530–560இல் தட்டையான பீக் காட்டும். உங்களுக்கு வந்திருப்பது அதேதான். அந்தச் சில விநாடி நீலத்தில் நீங்கள் தேடிய கேஜ் இருந்தது, கடந்து போய்விட்டீர்கள்.

இனி செய்யவேண்டியது. தங்கத்தை 0.1 மில்லிமோலாருக்கு நீர்க்கச் செய்யுங்கள். 50 மி.லி. உருண்டைக் குடுவை, மேலே கண்டென்சர், 5 மி.லி. பி.வி.பி. நீர் நன்றாகக் கொதிக்கட்டும். 90 டிகிரி போதாது, கொதிநிலையே வேண்டும், காரணம் கீழே. கியூப் 100 மைக்ரோலிட்டர் விட்டு 10 நிமிடம் கழித்து, சிரிஞ்ச் பம்ப்பில் நிமிடத்துக்கு 0.75 மி.லி. வீதம் தங்கம். இந்த வேகத்தில் நிமிடத்துக்கு 0.075 மைக்ரோமோல் இறங்கும். உங்கள் பிப்பெட் முறையில் 0.3 மைக்ரோமோல் இறங்கியது, அதுவும் கட்டிகட்டியாக. துளி விழும் இடத்தில் இருக்கும் கியூப்கள் முழுக்க அரிபட்டு, தூரத்தில் இருப்பவை தொடப்படாமலே இருக்கும். பீக் அகலமாவதற்கு அதுவே பாதிக் காரணம்.

எத்தனை மி.லி. என்பதை யாரையும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்து. ஒவ்வொரு கியூப் தொகுதிக்கும் அது வேறு. 6 குடுவை எடுத்து 3, 4, 5, 6, 7, 8 மி.லி. என்று தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொன்றையும் விட்டுமுடித்தபின் 10 நிமிடம் கொதிக்கவைத்து, குளிர்ந்ததும் யூ.வி. எடுங்கள். ஒரே குடுவையிலிருந்து இடையிடையே மாதிரி உறிஞ்சினால் வெள்ளிக் கணக்கு குலைந்துபோகும், அது வேண்டாம். பீக் இடத்தைத் தங்க அளவுக்கு எதிராக வரைந்தால் ஒரு கட்டம்வரை ஏறி, அதன்பின் உயரம் சரிவது தெரியும். சரிவு தொடங்குவதற்கு ஒரு மி.லி. முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். அணு உறிஞ்சல் கருவி கிடைத்தால் கியூப் கரைசல் 10 மைக்ரோலிட்டரை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளியை நேரடியாக அளந்துவிடலாம். ஆறு குடுவை வேலை இரண்டாகக் குறையும்.

வெண்மையான வண்டல் சில்வர் குளோரைடு. ஒரு தங்க அயனி நான்கு குளோரைடைக் கொண்டுவருகிறது. 25 டிகிரியில் சில்வர் குளோரைடு லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கே கரையும், கொதிநீரில் 20 மி.கி.யைத் தாண்டும். கொதிநிலை கேட்பது இதற்காகத்தான். சூடு குறைந்தால் அது கியூபின் மேலேயே ஒட்டிக்கொண்டு துளையை அடைத்துவிடும்.

இதோடு உங்கள் போர் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையை நோக்கிப் போகப்போக நம் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு ஏறும். லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடு உள்ள நீர் குடுவைச் சுவரில் 0.2 மி.லி. ஒட்டியிருந்தால் 2.8 மைக்ரோமோல் குளோரைடு. 1.18 மைக்ரோமோல் தங்கம் கொண்டுவரும் மொத்தக் குளோரைடே 4.7தான். அதோடு காற்றின் ஆக்சிஜனும் குளோரைடும் சேர்ந்தால் தங்கம் வருவதற்கு முன்பே கியூபின் மூலைகளை அரிக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை அலசுவது போதாது. டி.ஐ. நீரில் மூன்றுமுறை அலசி, கடைசி அலசல் நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். லேசாகக் கலங்கினாலும் திரும்ப அலசுங்கள்.

---

அரசலாறு

வெண்ணாறு சொன்னதோடு ஒன்று. சிரிஞ்ச் பம்ப்புக்கு மாறும்போது எஃகு ஊசி மாட்டாதீர்கள். தங்க அயனி ஊசியின் இரும்பிலேயே படிந்துவிடும். குடுவைக்குள் போவது நீங்கள் நினைக்கும் 0.1 மில்லிமோலாராக இருக்காது, இரும்பு அயனியும் கூடவே போகும். டெஃப்லான் குழாயை நேரே நீர்மட்டத்துக்கு மேல் தொங்கவிடுங்கள்.

தங்க உப்பை எடைபோடவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தராசுத் தட்டிலேயே கசிந்து ஒட்டிக்கொள்ளும். 1 கிராம் குப்பியை அப்படியே திறந்து, உள்ளேயே டி.ஐ. நீர் ஊற்றி, மொத்தம் 25.4 மி.லி. ஆக்கினால் 0.1 மோலார் (மூன்று நீர் மூலக்கூறு உள்ள உப்புக்கு). பழுப்புக் குப்பியில், குளிர்பெட்டியில் வையுங்கள். இரும்புக் கரண்டி உள்ளே போகவே கூடாது.

பழைய குடுவையைச் சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். வெள்ளி படிந்த குடுவையில் நேரே ராஜதிராவகம் ஊற்றினால் சில்வர் குளோரைடு படலமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது. முதலில் நைட்ரிக் அமிலம் மட்டும். நன்றாக அலசியபின், தங்கம் மிச்சமிருந்தால் ராஜதிராவகம் (ஹைட்ரோகுளோரிக் 3, நைட்ரிக் 1). அசிட்டோன் ஈரம் துளியும் இருக்கக்கூடாது, மூடிவைக்கவும் கூடாது.

---

குடமுருட்டி

இருவருக்கும் நன்றி. கொதிநிலையில், 0.1 மில்லிமோலாரில் ஓட்டினோம். 5 மி.லி.க்கு 640, 6 மி.லி.க்கு 705, 7 மி.லி.க்கு 770, 8 மி.லி.யில் உயரம் பாதியாகிவிட்டது. 7 மி.லி. கரைசல் நல்ல நீலம். குளிர்ந்தபின் கொஞ்சம் வெண்வண்டல் வருகிறது. அதைக் கரைக்கச் சமையல் உப்பைச் செறிவாகப் போட்டோம். வண்டல் போனது, ஆனால் இரண்டாம் கழுவலிலேயே கேஜ்கள் திரண்டு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டன. குளோரைடுத் தொல்லையே இல்லாத வேறு வழி உண்டா?

---

வெண்ணாறு

அந்த மூன்று புள்ளிகளும் சீராகவே ஏறுகின்றன, 7ஐ விட்டு நகராதீர்கள்.

திரண்டதற்குக் காரணம் உப்பு மட்டுமல்ல. கடை உப்பில் அயோடைடு, அயோடேட், கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் எல்லாம் உண்டு. ஆய்வகத் தரச் சோடியம் குளோரைடு போடுங்கள். செறிவான உப்பில் சில்வர் குளோரைடு கூடுதல் குளோரைடுடன் சேர்ந்து கரையும் அயனியாகிறது, சட்டென்று டி.ஐ. நீரை ஊற்றினால் அது திரும்ப வண்டலாக விழும். அதனால் முதல் கழுவலையும் உப்புநீரிலேயே செய்து, மேல்நீரை முழுக்க எடுத்துவிட்டு, பிறகு 1 மி.கி./மி.லி. பி.வி.பி. நீருக்கு மாறுங்கள். வெறும் தண்ணீர் கடைசிக் கழுவலில் மட்டும். 1.5 மி.லி. குழாயில் 10,000 சுற்று, 10 நிமிடம் போதும். இறுகிப்போன வில்லையைக் குலுக்காமல் சோனிகேட்டரில் ஒரு நிமிடம் வையுங்கள்.

அம்மோனியாவில் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கழிவை ஒருநாளும் சேமித்துவைக்காதீர்கள். அம்மோனியா–வெள்ளிக் கரைசல் நின்றால் வெடிக்கும் வண்டல் உண்டாகும். உடனே அமிலம் சேர்த்து முறித்துவிடவேண்டும்.

---

கொள்ளிடம்

வேறு வழி கோபால்ட்: வெள்ளிக் கியூபுக்குப் பதில் கோபால்ட் துகளை அச்சாக வைத்து, உள்ளே காலியான தங்க உருண்டை செய்வது. கோபால்ட் குளோரைடு நீரில் நன்றாகக் கரைவதால் வண்டல் பிரச்சினை இல்லை. சூடும் தேவையில்லை. வெள்ளியின் பகை குளோரைடு என்றால் இதன் பகை காற்று.

100 மி.லி. டி.ஐ. நீரில் 0.1 மோலார் சோடியம் சிட்ரேட் 400 மைக்ரோலிட்டர், 0.4 மோலார் கோபால்ட் குளோரைடு 100 மைக்ரோலிட்டர். நைட்ரஜன் 45 நிமிடமாவது குமிழ்விடுங்கள். இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். பிறகு, அப்போதே கரைத்த 1 மோலார் சோடியம் போரோஹைட்ரைடு 100 மைக்ரோலிட்டர். சித்திரை, வைகாசி வெயிலில் போரோஹைட்ரைடு பனிக்கட்டி நீரில் கரைத்தாலொழிய கைக்கு வருவதற்குள் பாதி ஹைட்ரஜனாகிப் போய்விடும். கரைசல் பழுப்புச் சாம்பலாகும். காந்தக் கம்பியை இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். கோபால்ட் காந்தத்துக்கு இழுபடும், துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளலாம். நைட்ரஜன் குமிழியே கலக்கட்டும்.

இப்போது காத்திருக்கவேண்டும், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், ஹைட்ரஜன் குமிழ் அடங்கும்வரை. பலர் தோற்பது இங்கேதான். மிச்சப் போரோஹைட்ரைடு இருக்கும்போது தங்கம் விட்டால் அது கோபால்டைத் தேடிப் போகாமல் தானே ஒடுங்கித் திடத் தங்கத் துகளாகிவிடும். யூ.வி.யில் 520இல் ஒரு பீக் எட்டிப்பார்த்தால் காரணம் இதுதான்.

குமிழ் அடங்கியபின் 30 மி.லி. கோபால்ட் கரைசலை, 0.1 மோலார் தங்கம் 50 மைக்ரோலிட்டர் கலந்த 10 மி.லி. காற்றுநீக்கிய நீரில் வேகமாகச் சேருங்கள். இங்கே கணக்கு 3 கோபால்டுக்கு 2 தங்கம். 30 மி.லி.யில் கோபால்ட் 12 மைக்ரோமோல். தங்கம் 5 மைக்ரோமோல் அதில் 7.5ஐத்தான் எடுக்கும். மிச்சக் கோபால்டைக் காற்று பார்த்துக்கொள்ளும்: நைட்ரஜனை நிறுத்தித் திறந்துவைத்தால் அதுவும் அரிந்து வெளியேறி, நிறம் நிலைப்படும். தங்கத்தைக் குறைத்தால் சுவர் மெலிந்து பீக் சிவப்புப் பக்கம் போகும். கோபால்டுக்கும் சிட்ரேட்டுக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால் விட்டம் மாறும்.

உருண்டைகள் சீராக வரும், பி.வி.பி. இல்லாததால் தைரம் பரப்பைத் தொடவும் எளிது. கேஜ்போலக் கூர்மையான மூலைகள் இதில் கிடையாது. அதனால் ராமன் பெருக்கம் பெரும்பாலும் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கும் இடைவெளியிலிருந்தே வரும். உங்களுக்கு 770இல் கேஜ் கிடைத்துவிட்டதால் நான் மாற்றச் சொல்லமாட்டேன். கூடவே வைத்துக்கொண்டால் நல்ல ஒப்பீடு.

---

வெட்டாறு

கேஜ் கிடைத்ததும் நேரே வயல் தண்ணீரில் போடவேண்டாம். முதலில் அதன் உணர்திறனை அளந்துகொள்ளுங்கள், சர்க்கரை போதும். எடைக்கு 10 சதவீதம் சுக்ரோஸ் கரைசலின் ஒளிவிலகல் எண் 1.3478, 20க்கு 1.3638, 30க்கு 1.3811, 40க்கு 1.3997. கரும்பாலை ஆய்வகங்களில் பிரிக்ஸ் பார்க்கும் அதே அட்டவணை. நீர் 1.3330. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கேஜ் கலந்து பீக் இடத்தைக் குறித்தால் நேர்கோடு வரும், அதன் சாய்வுதான் உணர்திறன். கேஜ் கலக்கும்போது சர்க்கரையும் நீர்த்துப்போகும், அதைக் கணக்கில் சேருங்கள், 1 மி.லி.க்கு 20 மைக்ரோலிட்டருக்கு மேல் விடாதீர்கள்.

2002இல் யூகாங் சன், யூனான் சியா வெளியிட்ட அளவீட்டில், உள்கூடான தங்க ஓட்டுக்கு ஒளிவிலகல் எண் 1 அலகு மாறினால் 409 நா.மீ. நகர்வும், அதே அளவுள்ள திடத் தங்க உருண்டைக்கு 60 நா.மீ. நகர்வும் வந்தன. அப்படியானால் நீரிலிருந்து 40 சதவீதச் சர்க்கரைக்குப் போகும்போது ஓடு ஏறக்குறைய 27 நா.மீ. நகரும், திடத் துகள் 4 நா.மீ.தான். உங்களுக்கு 10க்குக் கீழே வந்தால் யூ.வி. பீக் எங்கே நின்றாலும் சரி, கூடு காலியாகவில்லை அல்லது கேஜ்கள் திரண்டிருக்கின்றன. டி.ஈ.எம். இல்லாத இடத்தில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது வயல் நீர். தங்கக் கேஜ் என்கிறோமே தவிர சுவரில் வெள்ளி மிச்சமிருக்கிறது. தேங்கிய நெல் வயலின் சேற்றில் காற்று இல்லாததால் சல்ஃபேட் சல்ஃபைடாகிறது. மண்ணைக் கிளறினால் வரும் அந்த அழுகல் வாடையே சாட்சி. சல்ஃபைடும் குளோரைடும் சுவரின் வெள்ளியைத் தேடிப் பிடிக்கும். தைரமே இல்லாத நீரிலும் பீக் நகரும், ராமன் பின்னணி ஏறும். டி.ஐ. நீரை ஒப்பீட்டு மாதிரியாக வைத்தால் அந்த நகர்வு முழுவதையும் மருந்து என்று எழுதிவிடுவீர்கள். மருந்து தெளிக்காத பக்கத்து வயலின் நீரை, அதே நாளில் எடுத்து ஒப்பீடாக வையுங்கள். குறுவைக்குத் தண்ணீர் திறந்த புதிதில் எடுத்த நீரும் தாளடிக் கடைசியில் எடுத்த நீரும் ஒன்றல்ல.

மாதிரியைச் சேற்றைக் கலக்காமல் மேலாக எடுத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கூட்டல் முறையில் அளந்தால் நல்லது: அதே மாதிரியை நான்காகப் பிரித்து, மூன்றில் தெரிந்த அளவு தைரம் சேர்த்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். தைரம் மூலக்கூறு எடை 240; லிட்டருக்கு 1 மி.கி. என்பது 4.2 மைக்ரோமோலார். அதில் இரண்டு கந்தக அணுக்களை இணைக்கும் பிணைப்பு தங்கத்தின்மேல் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். ராமனில் 1380 செ.மீ.⁻¹ பக்கம் வலுவான பீக்கைப் பாருங்கள். அது தெரியவில்லை என்றால் லேசர் திறனை ஏற்றுவதற்கு முன்பு பி.வி.பி.யைச் சந்தேகப்படுங்கள்: இன்னும் ஒருமுறை வெறும் நீரில் கழுவி, கேஜ்களைத் தைரத்துடன் ஒரு மணி நேரம் விட்டுவைத்துப் பார்க்கவும். 785இல் அதிகத் திறன் விழுந்தால் கூடு சூட்டில் உருகித் திடத் துகளாகச் சுருங்கிவிடும். ஒரே இடத்தில் மூன்றுமுறை அளந்து உயரம் குறைந்துகொண்டே போனால் திறனைப் பாதியாக்குங்கள்.

---

குடமுருட்டி

சர்க்கரைச் சோதனை செய்தோம். நீரில் 770, 40 சதவீதத்தில் 793. கணக்குப் போட்டால் 345. கேஜ் தொகுதியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

---

வெண்ணாறு

345 நல்ல எண். கூடு காலிதான்.

பி.வி.பி. நீரில், இருட்டில், 4 டிகிரியில் வையுங்கள், உறையவிடாதீர்கள். நாள் கணக்கை நம்பவேண்டாம்: ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் யூ.வி. பார்த்து, பீக் 5 நா.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தாலோ 900க்கு அப்பால் வால் உயர்ந்திருந்தாலோ அந்தத் தொகுதியை அளவீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். வெள்ளிக் கியூப்பை மட்டும் நீரில் வைக்காமல் எத்தனாலில் வைத்தால் மூலைகள் அதிக நாள் கூராக இருக்கும்.

கழிவுநீரைத் தொட்டியில் ஊற்றவேண்டாம். அது எந்த வாய்க்காலில் போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக் கழிவில் உப்பைப் போட்டு வண்டலாக்கித் தனியே சேருங்கள். கோபால்ட் ஓட்டினால் அதற்கு வேறு குப்பி. தங்கம் மிச்சமுள்ள குப்பியில் பெயர், தேதி எழுதிவையுங்கள், மீட்டெடுக்க ஆள் கிடைப்பார்கள்.